தோள்பையில் ஒரு தலையணைக்கும் இடம் வேண்டும்

வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதன் பின்னர், தென்மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை வருவோர் பலருக்கு நகரத்தின் தலைவாயிலாக இப்பகுதி அமைந்துவிட்டது. இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்தபடியே வந்து விடியற்காலையில் இங்கே இறங்குகிறார்கள். முகம் கழுவிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய தோள்பையில் என்னென்ன இருக்கும் என்பதை எங்களால் ஏறத்தாழச் சொல்லிவிட முடியும். பழைய மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், மாத்திரைப் பெட்டி, மாற்று உடைகள், பிளாஸ்க், தட்டு, தம்ளர், ஒரு போர்வை என எல்லாம் இருக்கும். தலையணை மட்டும் இருக்காது.

காரணம் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, வீட்டுத் தலையணை பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, மருத்துவமனைக்குப் போகும் இடத்தில் சொகுசு எதற்கு என்னும் எண்ணம். முதல் விடையில் நியாயம் உண்டு. அதற்குத் தீர்வும் உண்டு. இரண்டாவது விடையை நாங்கள் ஏற்பதற்கில்லை. வெளியூர்ப் பயணத்திலும் மருத்துவமனைத் தங்கலிலும் எடை குறைந்த தலையணை ஒன்று, மாத்திரைப் பெட்டியைப் போலவே தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள் என்பதே எங்கள் கருத்து. அதை வாங்கும்போது எடையையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால் அதன் உயரத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கழுத்துக்குத் தெரிந்த உண்மை

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது நம் பழமொழி. களைத்தவனுக்குக் கட்டாந்தரையிலும் தூக்கம் வரும் என்பது உண்மைதான். ஆனால் சுகம் அறியாத நித்திரை கலைந்த பிறகு, அந்த இரவின் கணக்கைக் கழுத்து காட்டிவிடுகிறது.

நம் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ. பகலில் அதைத் தாங்குபவை கழுத்தின் 7 முள்ளெலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் ஆகும். உறங்கும்போது, குறிப்பாகக் கனவு காணும் கட்டத்தில், தசைகள் பெரிதும் தளர்ந்துவிடுகின்றன. அந்நேரத்தில் கழுத்து தன்னைத்தானே நேராக வைத்துக்கொள்ள இயலாது. அதன் அடியில் என்ன இருக்கிறதோ அதன்படியே வளைந்து கிடக்கும். தாங்கல் இல்லாவிட்டால் மணிக்கணக்கில் ஒரு பக்கமாக இழுபட்டு, காலையில் தலையைத் திருப்ப முடியாத கழுத்துப் பிடிப்பாக எழும்.

உலக வாழ்வைத் துறந்தவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் தங்கிய அவ்விடத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. மெத்தை இல்லை, விரிப்பும் இல்லை; வழவழப்பாகச் செதுக்கிய பாறைதான் படுக்கை. அப்படியிருந்தும் தலைமாட்டில் பாறையையே சற்று மேடாக விட்டுத் தலையணை அமைத்திருக்கிறார்கள். சொகுசை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களுக்கும் தலைக்கு ஓர் உயரம் தேவைப்பட்டது. தலையணையின் சாரம் மென்மையன்று, உயரமே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

எவ்வளவு உயரம்?

இது படுக்கும் முறையைப் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் வெளி விளிம்புக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். அகன்ற தோள் உடையவருக்குச் சற்று உயரமான தலையணையும், ஒடுங்கிய தோள் உடையவருக்குத் தாழ்வானதும் பொருந்தும். மல்லாந்து படுப்பவருக்கு உயரம் குறைவாக இருக்க வேண்டும்; கழுத்தின் இயல்பான குழிவு நிரம்பினால் போதும். தாடை மார்பை நோக்கி மடங்கினால் தலையணை உயரம் அதிகம். தாடை வானத்தை நோக்கி நிமிர்ந்தால் குறைவு. குப்புறப் படுப்பவர் கழுத்தை இரவு முழுவதும் ஒரு பக்கம் திருப்பியே வைத்திருக்க நேர்வதால், அவ்வழக்கத்தை மெல்ல மாற்றிக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வீட்டு மெத்தையில் தோள் சற்று அமிழ்கிறது. ஆகவே தாழ்ந்த தலையணையே போதுமானதாக இருக்கும். மருத்துவமனைத் தரையிலோ, சத்திரத்துத் திண்ணையிலோ, மலைப்பாதையில் விரித்த மெல்லிய பாயிலோ தோள் அமிழ்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கும் அதே நபருக்கு அங்கே வீட்டைவிட உயரமான தாங்கல் தேவைப்படும். பயணத் தலையணை வாங்குவோர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. கையடக்கமாக மடிகிறதா என்று பார்த்து வாங்கிவிட்டு, தரையில் படுத்த முதல் இரவிலேயே அது தட்டையாக இருப்பதை உணர்கிறார்கள்.

சரிபார்க்கும் வழி எளிது. நீங்கள் வழக்கம்போல் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். தலையின் பின்பகுதியும் கழுத்தும் முதுகுத்தண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உயரம் சரி. தலை தரையை நோக்கிச் சாய்ந்தாலோ, மேல்நோக்கித் தூக்கியிருந்தாலோ மாற்ற வேண்டும்.

எடை குறைந்தவை எவை?

வீட்டில் நாம் பயன்படுத்தும் பஞ்சுத் தலையணை பருமனானது. முக்கால் கிலோவும் அதற்கு மேலும் எடை இருக்கும். தோள்பையில் வைப்பதற்கு மூன்று, நான்கு மாற்றுகள் உள்ளன.

முதலாவது, காற்றடைத்த தலையணை. 100 கிராமுக்கும் குறைவான எடையில்கூடக் கிடைக்கிறது. மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். உயரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம் என்பது இதன் பெரும் நன்மை. குறைகள் இரண்டு. முழுவதும் ஊதினால் பந்துபோல் தலையைத் துள்ளச் செய்யும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கன்னம் வியர்த்து ஒட்டும். முழுவதும் ஊதிய பின் படுத்துக்கொண்டு, அடைப்பானைச் சிறிது திறந்து, கழுத்தில் இடைவெளி இல்லாமல் தலை அமரும் வரை காற்றை மெல்ல விடுங்கள். பிறகு ஒரு பருத்திப் பனியனுக்குள் தலையணையை நுழைத்துவிடுங்கள். வியர்வையும் குறையும், தலையணை வழுக்கி ஓடுவதும் நிற்கும்.

இரண்டாவது, அழுத்திச் சுருட்டும் ஃபோம் தலையணை. எடை பெரும்பாலும் 200 முதல் 350 கிராம் வரை இருக்கும். காற்றுத் தலையணையைவிட இதமானது. ஓட்டை விழும் அச்சம் இல்லை. ஆனால் உயரத்தை மாற்ற முடியாது. பையில் கூடுதல் இடம் பிடிக்கும். ஊர் திரும்பியதும் சுருளைப் பிரித்து வைக்க வேண்டும். சுருட்டியபடியே மாதக்கணக்கில் விட்டால் மீண்டு எழும் தன்மை குறைந்துவிடும்.

மூன்றாவது, நம் மண்ணின் இலவம்பஞ்சு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் இதற்குப் பெயர்பெற்ற ஊர். இந்த நாரின் உட்புறம் குழாய்போல் வெற்றிடமாக இருப்பதால் பெரும்பகுதி காற்றுதான். அதனாலேயே இது மிகவும் இலேசானது. மேற்புறத்தில் மெழுகுபோன்ற பூச்சு இருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. ஒரு காலத்தில் கடற்பயணிகளின் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தார்கள். சிறிய அளவில் தைத்த இலவம்பஞ்சுத் தலையணை வெயில் காலத்துக்கு மிக ஏற்றது. துவைக்க இயலாது என்பதும், நாளடைவில் கட்டிதட்டும் என்பதும் இதன் குறைகள். உறையை அடிக்கடி மாற்றி, தலையணையை வெயிலில் காயவைக்க வேண்டும்.

நான்காவதற்குச் செலவே இல்லை. மாற்று உடைகளை ஒரு துணிப்பையில் அடுக்கி, வாயைக் கட்டி, மேலே ஒரு துண்டைச் சுற்றினால் தலையணை ஆயிற்று. பலர் இதைச் செய்கிறார்கள்; ஆனால் துணிகளைச் சுருட்டித் திணிப்பதால் மேடும் பள்ளமுமாக அமைகிறது. துணிகளை மடித்துத் தட்டையாக அடுக்குங்கள். ஒரு துண்டைத் தனியே உருளையாகச் சுருட்டிக் கழுத்துக் குழிவின் அடியில் வையுங்கள். கடையில் வாங்கிய பலவற்றைவிட இது நன்றாகவே கழுத்தைத் தாங்கும்.

எங்கள் பரிந்துரையைக் கேட்டால், பெரும்பாலோருக்குக் காற்றுத் தலையணையும் ஒரு பருத்தித் துண்டும் போதும் என்போம். மெமரி ஃபோம் என்ற பெயருக்காகவோ, மருத்துவர் பரிந்துரைத்தது என்று உறையில் அச்சிட்டிருப்பதற்காகவோ அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. கடையிலேயே ஊதி, இரு கைகளாலும் சில நிமிடம் அழுத்திப் பார்த்து, காற்று கசியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புரண்டு படுத்தாலும் தலை நழுவாத அளவுக்கு அகலம் இருக்கட்டும். ஓர் அடிக்குக் குறைந்தவை பெரியவர்களுக்குப் போதா.

உட்கார்ந்தபடி உறங்குவோருக்கு

தாம்பரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஓடும் அந்த்யோதயா விரைவு ரயிலில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவில்லாதவை. அதில் வருவோரில் பலர் இரவை உட்கார்ந்தே கழிக்கிறார்கள். பேருந்துப் பயணிகள் நிலையும் அதுவே. தலை முன்னே தொங்கித் தொங்கி விழிப்பதுதான் அங்கே கழுத்தைக் கெடுக்கிறது. கழுத்தைச் சுற்றி மாட்டும் வளையத் தலையணை இதற்கு உதவும். ஆனால் அதன் பின்பகுதி தடிமனாக இருந்தால் தலையை முன்னுக்குத் தள்ளும். பின்பகுதி மெலிந்தும் பக்கங்கள் தடித்தும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாதவர்கள், மடித்த போர்வையைச் சன்னல் பக்கத் தோளுக்கும் காதுக்கும் இடையே வைத்துச் சாயலாம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பது உண்டு. இதயம் பலவீனமானவர்கள் தட்டையாகப் படுத்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு திணறும். தலைமாட்டை உயர்த்தினால் தணியும். ஆகவே அந்த எண்ணிக்கையே நோயின் ஓர் அளவுகோல். வீட்டில் இரண்டு தலையணையில் உறங்குபவர் பயணத்தில் தலையணையின்றி ரயில் படுக்கையில் தட்டையாகப் படுத்தால் நள்ளிரவில் மூச்சுக்குத் தவிக்க நேரிடலாம். வீட்டில் எத்தனையோ, பயணத்திலும் அந்த உயரம் கிடைக்க வேண்டும். ரயிலில் குளிர்சாதன வகுப்பில் தலையணை தருகிறார்கள். சாதாரணப் படுக்கை வகுப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு தலையணையில் உறங்கியவருக்குத் திடீரென்று இரண்டு, மூன்று தேவைப்பட்டால், அது தலையணை வாங்க வேண்டிய நேரமன்று. உடனே மருத்துவரிடம் வர வேண்டிய நேரம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தலைக்கு மட்டும் தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடியும். எரிச்சல் கூடவும் செய்யும். இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுவதும் சரிவாக உயர வேண்டும். பையையும் போர்வையையும் கீழே சரிவாக அடுக்கி, மேலே தலையணையை வைக்கலாம்.

வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்துகொண்டவர்கள், சிசேரியன் முடிந்த தாய்மார்கள் உள்பட, வீடு திரும்பும் பயணத்தில் இலேசான தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளட்டும். இருமும்போதும் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அதைத் தையல் மீது மென்மையாக அணைத்துப் பிடித்தால் வலி வெகுவாகக் குறையும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் முழங்காலுக்கு நேர் அடியில் தலையணை வைத்து உறங்கக் கூடாது. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடக்கூடும்.

அண்மையில் கண், வயிறு அல்லது மார்பு அறுவை செய்தவர்களும், நுரையீரல் நோயாளிகளும் காற்றுத் தலையணையைத் தாமே வாயால் ஊத வேண்டாம். உடன் வருபவர் ஊதட்டும். கைப்பம்பு இருந்தால் இன்னும் நல்லது. வாய்க்காற்றின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிப்பதும் தவிரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு.

கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல், நடையில் தடுமாற்றம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவை கழுத்து வலியுடன் சேர்ந்து வந்தால், எந்தத் தலையணையும் அதற்கு மருந்தாகாது. காலம் தாழ்த்தாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நலம் பெற்றுப் பயணம் போவோருக்கு

சிகிச்சை முடிந்து நலமடைந்தவர்கள் நேர்த்திக்கடனாகச் சபரிமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் புறப்படுகிறார்கள். மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிமுகப்படுத்திய பின் இளைஞர்களின் ஆர்வமும் கூடியிருக்கிறது. இருமுடியோ முதுகுப்பையோ, ஒவ்வொரு கிராமையும் எண்ணிச் சுமக்கும் பயணம் அது. காற்றுத் தலையணை அங்கே மிகப் பொருத்தம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், அடிவாரத்தில் இறுக்கமாக ஊதியது மேலே இன்னும் விம்மும். இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தளரும். ஆதலால் மேலே சென்ற பிறகே ஊதுங்கள். படுக்கும் நேரத்தில் ஒருமுறை சரிசெய்யுங்கள். இதய நோயோ மூச்சு நோயோ இருந்தவர்கள், மலை ஏறலாமா என்பதை மருத்துவரிடம் கேட்ட பின்னரே பையைக் கட்டட்டும்.

தூய்மை

தலையணை முகத்தோடு உறவாடும் பொருள். மருத்துவமனையில் பயன்படுத்தியதை அப்படியே வீட்டுக் கட்டிலில் போட வேண்டாம். உறையைச் சூடான நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். காற்றுத் தலையணையைச் சோப்பு நீர் தோய்த்த துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் மடியுங்கள். ஒருவருடைய தலையணையை மற்றவருக்குக் கொடுக்கும்போது உறையையாவது மாற்றுங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு வார்த்தை

அம்மா வலியில் படுத்திருக்கும்போது எனக்கென்ன தலையணை என்று கேட்கும் மகள்களையும், கணவர் கண் விழித்திருக்கையில் நான் வசதியாகத் தூங்குவதா என்று தயங்கும் மனைவியரையும் நாங்கள் நன்கறிவோம். அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் அதன் முடிவை ஏற்கவில்லை. நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதும், புரட்டிப் படுக்க வைப்பதும், நேரம் பார்த்து மாத்திரை கொடுப்பதும், மருத்துவர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைப்பதும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. பல நாள் உறக்கம் கெட்டவரின் கையில் மாத்திரை மாறலாம். கழுத்தைத் திருப்ப முடியாதவரால் இன்னொருவரைத் தாங்கிப் பிடிக்க இயலாது. உங்கள் உறக்கம் உங்களுக்கானது மட்டுமன்று. நோயாளியின் சிகிச்சையில் அதுவும் ஒரு பகுதி.

மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு என்று நாங்கள் கருதுகிறோம். நோயாளிக்குக் கட்டிலும் தலையணையும் தருகிறோம். அவரைக் காப்பவருக்கு நாற்காலியோ தரையோதான் கிடைக்கிறது. எல்லா இடத்திலும் எல்லோருக்கும் படுக்கை அமைப்பது எளிதன்று. ஆயினும் துவைத்த உறையுடன் ஒரு சிறு தலையணையை இரவுக்கு மட்டும் கொடுத்துக் காலையில் திரும்பப் பெறும் ஏற்பாடு பெரிய செலவுக்குரியதன்று. அது வரும்வரை, அனுமதிக்காக வரும் குடும்பங்களிடம் கொண்டுவர வேண்டிய பொருள்களைச் சொல்லும்போது, உடனிருப்பவருக்கு ஒரு தலையணை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அடுத்த முறை பையை அடுக்கும்போது மருந்துச் சீட்டுக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் அருகே கைப்பிடி அளவு இடம் விட்டு வையுங்கள். நோயாளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என இரண்டு இலேசான தலையணைகளும் சேர்ந்தே ஒரு தண்ணீர்ப் பாட்டிலின் எடைக்கு வாரா.